நிழல் தின்ற புள்ளி

காலை ஆறே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. "தங்கச்சி, சந்திக்கு ஒருக்கா வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டரிச் சேர் (தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்) ஃபோனை வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல்நாள் இரவுதான் அந்தப் பேனரைக் கட்டியிருந்தோம். பத்தடி அகலம். சேரின் டியூட்டரியின் 25ஆவது ஆண்டு விழா. பழைய காலத்து விளம்பரத் தோரணையில் தடித்த சிவப்பு எழுத்து, அதன் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு, கீழே கறுப்பு நிழல். தெருவுக்கு இந்தப் பக்கம் ஓட்டோ நிறுத்தியிருந்த மூன்று பேர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு அவர்கள் நின்ற இடத்திலிருந்தே நானும் பார்த்தேன். விளங்கிவிட்டது. "கல்வி நிலையம்" என்பதில் இரண்டாம் எழுத்தின் புள்ளியைக் காணவில்லை. புள்ளிக்கும் நான் நிழல் போட்டிருந்தேன். அந்த நிழல் கீழே இறங்கி ல-வின் முதுகோடு ஒட்டிவிட்டது. பக்கத்தில் போனால் புள்ளி தெரியும். நாற்பது அடி தள்ளி நின்றால் அது எழுத்தின் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். புள்ளி இல்லாமல் அந்தச் சொல்லை நீங்களே வாசித்துப் பாருங்கள், நான் எழுதப் போவதில்லை. உயர்தரப் பிள்ளைகள் ஏழரை மணி வகுப்புக்கு அந்த வழியாகத்தான் சைக்கிளில் வருவார்கள்.

ஏழு மணிக்குள் அவிழ்த்துவிட்டோம். மறுபடி அடித்த செலவு என்னுடையது. சேர் ஒரு வார்த்தை ஏசவில்லை. "பிழை திருத்தம் பாக்கிறது என்ட தொழில், நானும் பார்த்துத்தானே சரி சொன்னன்" என்றார். அதுவும் உண்மைதான். இரண்டு பேரும் என் மேசையில், கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்த திரையில் பார்த்தோம். திரையில் அது அவ்வளவு வடிவாக இருந்தது.

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு முன்னறையில் இருந்து ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை, மரண அறிவித்தல். அந்தப் பேனருக்கு முன்னும் பிழைகள் விட்டிருக்கிறேன். ஆனால் எழுத்துரு (ஃபொன்ட்) என்ற ஒன்றைப் பற்றி உருப்படியாக யோசிக்க வைத்தது அந்தப் புள்ளிதான்.

சேர் கேட்டது "அந்தக் காலத்து போஸ்டர் மாதிரி" என்றுதான். ஃபோனில் ஒரு படம் காட்டினார். ஏதோ ஆங்கில சர்க்கஸ் விளம்பரம். கொழுத்த எழுத்துகள், கால் நுனிகளில் கட்டையான பாதம், தண்டின் நடுவில் முள் மாதிரி ஒரு புடைப்பு, உள்ளே கோடு, வெளியே நிழல். அதே சாயலில் ஓர் ஆங்கில எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்கினேன். தமிழுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. கையில் இருந்த ஒரு தடித்த தமிழ் எழுத்துருவை எடுத்து, ஆங்கிலத்துக்கு இருந்த அலங்காரம் எல்லாவற்றையும் அதன்மேல் அப்படியே ஏற்றினேன். மற்றவளுக்கு அளவெடுத்த சட்டையை இவளுக்கு மாட்டிய மாதிரி.

அந்த ஆங்கில எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். அது தெரிந்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அவை சுவருக்காகவே பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்வரை அச்செழுத்து என்றால் பெரும்பாலும் புத்தக எழுத்துதான். நாடகம், லொத்தர், கப்பல் என்று விளம்பரம் பெருகிச் சுவரில் இடத்துக்குப் போட்டி வந்ததும் எழுத்து கொழுக்கத் தொடங்கியது. 1803 வாக்கில் லண்டனில் ராபர்ட் தோர்ன் என்பவர் புத்தக எழுத்தையே ஊதிப் பெருக்கின மாதிரி ஒன்றை வார்த்தார். 1815 வாக்கில் வின்சென்ட் ஃபிகின்ஸ் கட்டைப் பாதம் வைத்தார். 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் பாதமே இல்லாத எழுத்தைக் காட்டினார். ஈயத்தில் இவற்றைப் பெரிதாக வார்ப்பதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பாரம் தாங்காது, ஆறும்போது மேற்பரப்பு ஒரே மட்டமாகவும் வராது. 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் சுழலும் வெட்டுக்கருவி வைத்து மரத்தில் எழுத்துச் செதுக்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃப் என்ற படியெடுக்கும் சட்டத்தைச் சேர்த்தார். ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு வேண்டிய அளவுக்கு எழுத்து வெட்டலாம் என்று ஆகிவிட்டது. அதன்பிறகுதான் முள், பூ, நிழல் எல்லாம் தாராளமாக வந்தன. சிவப்புக்கு ஒரு கட்டை, கறுப்புக்கு ஒரு கட்டை என்று ஒரே எழுத்தை இரண்டு தரம் அடித்தார்கள்.

இது எனக்குத் தொழிலில் உதவியது. இப்போது யாராவது "பழைய ஸ்டைல்" என்று வந்தால் முதலில் நான் கேட்பது, எந்தப் பழசு? உருண்டு திரண்ட, ஓரம் மழுங்கிய எழுத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கஸ் எழுத்தும் அதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். உருண்டை எழுத்துகளில் பேர்போன கூப்பர் பிளாக் 1922இல்தான் வந்தது. முள் வைத்த மர எழுத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மனித ஆயுளுக்கு மேல் இடைவெளி. இரண்டையும் ஒரே போஸ்டரில் போட்டால், திருவிழாவுக்குப் பட்டு வேட்டி கட்டி மேலே டீ-ஷர்ட் போட்ட மாதிரி இருக்கும். போடக்கூடாது என்றில்லை. தெரிந்து போட வேண்டும்.

பெரிய கேள்வி வேறு. மட்டக்களப்பில் ஒருவர் "பழசு" என்று சொல்லும்போது அவர் மனதில் வருவது என்ன? அமெரிக்க மர எழுத்தா? நிச்சயமாக இல்லை. வாழைச்சேனையில் வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதிய பெயர். பஸ்ஸின் நெற்றியில் மஞ்சளில் வந்து சிவப்பில் முடியும் ஊர்ப் பெயர். உழவு இயந்திரப் பெட்டியின் பின்பலகையில் "முருகன் துணை". மருந்துக்கடையின் தகரப் பலகை. எல்லாம் தூரிகையால் எழுதியவை. எங்கள் பழசு மரத்தில் வெட்டியது இல்லை, எனாமலில் இழுத்தது. இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. காத்தான்குடியில் பலகை எழுதிய ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லித்தந்தது.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஏணி ஏறுவதை நிறுத்திப் பல வருடம். பேனர் கதை கேள்விப்பட்ட என் நண்பி ஒருத்தி அவரிடம் கூட்டிப்போனாள். ஃபோனில் படத்தைக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது மனிதருக்கு. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "மகள், குத்துக்கு நிழல் போட்ட ஆள நான் இப்பதான் பாக்கன்."

அவர் பேச்சில் புள்ளி எப்போதும் "குத்து"தான். அதற்கு நிழல் போடக்கூடாது என்பது அவருக்கு விதி மாதிரிக்கூட இல்லை, கை பழகியது. ஏன் என்று கேட்டபோதுதான் யோசித்துச் சொன்னார். நிழல் கீழ்நோக்கி விழும். புள்ளிக்குக் கீழே இருப்பது எழுத்தின் தலை. ஆங்கிலத்தில் தலைக்கு மேல் மிதக்கும் துண்டு சின்ன ஐ-க்கும் ஜே-க்கும் மட்டும். விளம்பரத்தில் எல்லாம் பெரிய எழுத்து என்பதால் அதுவும் இல்லை. தமிழில் ஒரு வரிக்குப் பத்துப் புள்ளி வரும், அதில் ஒன்று போனாலும் சொல் போகும். அதனால் அவர் செய்தது இப்படி: புள்ளியை நிரப்பாமல் ஒரு வளையமாக விடுவார், அல்லது எழுத்தின் நிறம் சிவப்பு என்றால் புள்ளியை மஞ்சளில் வைப்பார். புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவில் இன்னொரு புள்ளி நுழையும் இடைவெளி வேண்டும். இடம் போதாவிட்டால் எழுத்தைக் குள்ளமாக்குவார், புள்ளியை இறக்கமாட்டார்.

நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனதில் ஓடியது ஏட்டுச்சுவடிதான். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். வாசிப்பவர் பாட்டைத் தெரிந்துகொண்டு வாசித்தார், அதனால் சமாளித்தார். சந்தியில் ஓட்டோ ஓட்டுபவரிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

நிழல் எந்தப் பக்கம் என்பதிலும் நான் பிழை. ஆங்கில எழுத்துரு வலப்பக்கக் கீழ் நிழலோடு வந்தது, நானும் தமிழுக்கு வலப்பக்கம் போட்டேன். நானா ஒரு கடதாசியில் ட போட்டார். இடப்பக்கமும் அடியிலும் நிழல் என்றால், தூரிகையை மேலிருந்து இறக்கி அப்படியே வலப்பக்கம் இழுத்தால் முடிந்தது. ஒரே இழுப்பு, எழுத்தின் வெளியோரம் முழுக்க சுத்தம். வலப்பக்கம் என்றால் நிழல் ட-வின் மூலைக்குள் போய் விழுகிறது, உள்ளே இருக்கும் வெளியைத் தின்கிறது. "மட்டக்களப்பு எண்டு எழுதிப் பாரு, ரெண்டு ட" என்றார். வீட்டுக்கு வந்து கணினியில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். இடப்பக்க நிழல் போட்டது பத்தடி கூடுதலாகத் தள்ளி நின்றும் தெரிந்தது. எல்லா எழுத்துக்கும் இப்படி இல்லை. ப-வுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்தே ஆகவேண்டும் என்றால் நான் இப்போது இடப்பக்கம்தான்.

இன்னொன்று சுழி. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. தடித்த எழுத்துருவில் முதலில் அடைபடுவது இவைதான். தண்டு எவ்வளவு தடிப்போ அதே தடிப்பைச் சுழிக்கும் கொடுத்தால் சுழிக்குள் வெளிச்சம் இருக்காது. பிறகு ண-வும் ன-வும் ஒன்றுபோல் ஒரு கறுப்புக் கட்டி. நானா சுழிக்கு மட்டும் தூரிகையை மாற்றுவாராம், ஒரு நம்பர் சின்னது. "சுழிக்குள்ள காத்து போகணும்" என்பார். எழுத்தின் தடிப்பு முழுவதையும் கடைசி நேர்தண்டில் ஏற்றிவிட்டுச் சுழியை மெலிதாக விட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு முழு எழுத்தும் தடித்ததாகவே தெரிகிறது. இந்தக் கண்கட்டு வித்தை எனக்குப் புதிது. எழுத்துக்கு நடுவில் வெள்ளைக் கோடு ஓடவிடும் அலங்காரத்தைச் சுழியில் கொண்டுபோகவே கூடாது. நேர்தண்டிலும் அடிக்கோட்டிலும் ஓடவிட்டு, சுழி தொடங்கும் முன் நிறுத்திவிட வேண்டும். ர-வும் கால் அரவும் (ா) இதே ரகம். தடித்துவிட்டால் இரட்டைப் பிள்ளைகள், ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் வாலை விட்டுவிடாதீர்கள்.

சரி, சேரின் பேனருக்கு வருவோம். இரண்டாவது தரம் அடித்ததில் "கல்வி நிலையம்" என்பதில் ஒரு அலங்காரமும் இல்லை. தடித்த, நேரான எழுத்து, மஞ்சள் பின்னணியில் கருநீலம். அலங்காரம் முழுவதும் 25 என்ற இலக்கத்துக்குப் போனது. இலக்கத்துக்குப் புள்ளி இல்லை, கொம்பு இல்லை, மேலே ஏறும் விசிறி (ி, ீ) இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய ஆங்கில எழுத்துருவின் இலக்கங்களை ஒரு மாற்றமும் செய்யாமல் அப்படியே போடலாம். நாலடி உயர 25, முள், உட்கோடு, நிழல் எல்லாவற்றோடும். தூரத்தில் பார்த்தவுடன் "பழைய காலத்துப் போஸ்டர்" என்ற உணர்வு வந்துவிட்டது, வாசிப்புக்கு ஒரு குறையும் இல்லை. இன்றுவரை எனக்குக் கைகொடுக்கும் தந்திரம் இதுதான். ஆண்டு, விலை, தேதி, வயது என்று ஏதாவது ஓர் இலக்கம் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். ஆங்கில எழுத்துருவின் ஆடம்பரத்தை அதில் கொட்டித் தீருங்கள்.

சேருக்கு அது பிடித்துப்போய், தெரிந்த ஒருவரை அனுப்பினார். களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரம் சாப்பாட்டுக்கடை திறக்கிறார். அவருக்கும் பழைய எழுத்து வேண்டும், ஆனால் மூன்று மொழியிலும். சிங்களம் மேலே, தமிழ் நடுவில், ஆங்கிலம் கீழே. பலகை பதினாறு அடிக்கு நாலடி.

இங்கே பட்ட பாடு வேறு. கணினியில் மூன்று மொழிக்கும் ஒரே அளவு எண்ணைக் கொடுத்தால் மூன்றும் ஒரே உயரமாக வரும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். வராது. ஒவ்வொரு எழுத்துருவையும் வரைந்தவர் தன் விருப்பப்படி பெட்டிக்குள் வைத்திருப்பார். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஏற்றமும் இறக்கமும் கிடையாது, கட்டிடம் மாதிரி ஒரே உயரம். தமிழுக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே கு, மூ, ளு-வின் வால்கள். நான் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு ப-வின் உயரத்தை அளக்கிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தில் ஐந்தில் நாலு பங்கு ப இருந்தால், விசிறியும் வாலும் சேர்ந்து கண்ணுக்குச் சமமாக வருகிறது. என் கண்ணுக்கு. உங்கள் எழுத்துருவுக்கு இது கொஞ்சம் முன்பின் ஆகலாம். தடிப்பையும் அப்படித்தான் பொருத்த வேண்டும். ஆங்கிலத்தின் தண்டையும் தமிழின் தண்டையும் பக்கத்தில் வைத்து, தமிழை ஒரு நூல் மெலிதாக விடுவேன்.

எவ்வளவு பெரிதாக எழுதுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பலகை எழுதுபவர்கள் உலகம் முழுக்கச் சொல்வது: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. ஊருக்குள் வாகன வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீட்டர். பெயரை வாசித்து, பிரேக் பிடிக்கலாமா என்று யோசிக்க மூன்று செக்கனாவது வேண்டும். 42 மீட்டர், அதாவது 140 அடிக்குக் கொஞ்சம் குறைய. அப்படியென்றால் எழுத்து 14 அங்குலம். நாலடிப் பலகையில் மூன்று மொழியையும் 14 அங்குலத்தில் போட்டால் விளிம்புக்கே இடமில்லை, விசிறியும் வாலும் எங்கே போவது? கடைக்காரரோடு இருந்து பேசி, பலகையை ஆறடி உயரமாக்கினோம். "தங்கச்சி, எழுத்துக்காகப் பலகை வாங்கிற ஆள் நான் ஒருத்தன்தான் இருக்கும்" என்றார்.

அந்த அளவை வெறும் கணக்கில் விட்டுவிடாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு சுலப வழி உண்டு. ப ஓர் அங்குலம் வரும்படி ஏ4 தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். 14 அங்குல எழுத்தை 140 அடியில் பார்ப்பதும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுதான். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். முதலில் எது மறைகிறதோ அது பிழை. வாசித்துக் காட்ட, பெயர் தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். கடைக்காரருக்குத் தன் கடைப் பெயர் எப்போதும் தெரியும், அவர் கண் இல்லாத புள்ளியையும் வைத்து வாசிக்கும். சேருக்கும் எனக்கும் நடந்தது அதுதான். என் சோதனைக்காரி மூன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணனின் மகள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயது, ஊகிக்கமாட்டாள். அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் சம்பளம்.

நிறத்தைப் பற்றி நானாவின் ஒரே அறிவுரை, வெயில் பக்கம் பார்த்த பலகையில் சிவப்பை நம்பாதே. எங்கள் வெயிலில் மற்றவை நிற்க, சிவப்பு முதலில் வெளிறி ரோசாவாகும். நிழலும் எழுத்தும் ஒரே காலத்தில் மங்காது என்பதால், இரண்டு வருடம் கழித்து நிழல் மட்டும் எழுத்தாக நிற்கும் பலகைகளை கல்முனைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். பேய் எழுத்துகள். எனக்கு அவை பிடிக்கும், கடைக்காரர்களுக்குப் பிடிக்காது.

அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் ஒரு தரமாவது பட்டிருப்பார்கள். எழுத்துகளை வரைகோடாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றாமல் அனுப்பாதீர்கள். எங்கள் பக்கம் இன்னும் பாமினியில் தட்டச்சுச் செய்கிற இடங்கள் நிறைய. பாமினி என்ற எழுத்துரு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டுக்கு முந்திய ரகம், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மட்டக்களப்பு என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கொத்துரொட்டி ஆகிவிடும். யூனிகோட்டில் செய்தால் அந்தப் பிரச்சினை இல்லை, வேறொன்று வரும். படம் செய்யும் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொ-வின் கொம்பு தனியே, க தனியே, கால் தனியே போய் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: உங்கள் திரையில் சரியாகத் தெரியும்போதே வரைகோடாக மாற்றி, ஒரு பிடிஎஃப்பும் கூடவே அனுப்புங்கள். மாற்றாத மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடம் 26ஆவது ஆண்டு வரும்.

உரிமமும் பாருங்கள். இலவசம் என்று கிடைக்கும் அலங்கார எழுத்துருக்களில் பாதி, சொந்தப் பாவனைக்கு மட்டும் இலவசம். கடைப் பலகை சொந்தப் பாவனை இல்லை. தமிழில் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவற்றை எடுத்தால் நிம்மதி. வியாபாரத்துக்குப் பாவிக்கலாம், மாற்றியும் வரையலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. பலூ தம்பி நல்ல கொழுத்த எழுத்து, உருண்டை முனை. காயினி அதைவிட விளையாட்டானது. அனேக் தமிழில் தடிப்பையும் அகலத்தையும் வேண்டியபடி கூட்டிக் குறைக்கலாம் என்பதால் நீண்ட பெயர்களுக்கு நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். தமிழ்ப் பெயர்கள் நீளும், ஞா, ணை எல்லாம் இரண்டு பேர் இருக்கையைப் பிடிக்கும். கையெழுத்துச் சாயல் வேண்டுமானால் இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார் இருக்கிறது. இவற்றில் எதுவும் நேரடியாகப் "பழசு" இல்லை. நல்ல எலும்புக்கூடு, சதையும் நகையும் நாங்கள் போடவேண்டும்.

எங்கே போடக்கூடாது என்றும் சொல்லவேண்டும். மரண அறிவித்தலுக்கு நான் அலங்கார எழுத்துப் பாவிப்பதில்லை. கேட்டாலும் பேசித் திருப்பிவிடுவேன். ஒரு தரம் மட்டும் விட்டுக்கொடுத்தேன். காலமானவர் முந்திய காலத்தில் பஸ் வைத்திருந்தவர். 31ஆம் நாள் நினைவு மலரின் அட்டையில், அவருடைய பஸ்ஸின் நெற்றியில் இருந்த மாதிரியே பெயரை எழுதித் தரச்சொல்லி மகன் ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார். மஞ்சள் எழுத்து, பச்சை ஓரம். செய்து கொடுத்தேன். அதில் புள்ளிகள் எல்லாம் வளையமாக இருந்தன. யார் எழுதிய பஸ் என்று நானாவிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ட எழுத்து இல்ல. ஆனா கெட்டிக்காரன்" என்றார்.

அந்தப் படத்திலிருந்துதான் நான் சொந்தமாக ஓர் எழுத்துரு வரையத் தொடங்கினேன். கூடவே நானா கடதாசிகளில் எழுதித் தந்தவை, வாழைச்சேனையில் வள்ளங்களில் எடுத்த படங்கள். ஃபொன்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் வரைகிறேன். 247 எழுத்து என்று பயப்படத் தேவையில்லை. கொம்பு, அரவு எல்லாம் தனித்தனியே ஒரு தரம் வரைந்தால் போதும், கணினி சேர்த்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது உகர ஊகாரத்துக்கு. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36, வால்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, பெரும்பாலானதைத் தனியே வரைய வேண்டும். டி, டீ வேறு ஒட்டிக்கொள்ளும். மர எழுத்துக்காரர்கள் 26 பெரிய எழுத்தும் பத்து இலக்கமும் செதுக்கிவிட்டுக் கடையைப் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் சில இரவுகளில் பொறாமையாக இருக்கிறது. தமிழ் எழுத்து பெரிதாக இருப்பதற்கும் ஒரு பழைய கதை உண்டு. தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலேயில் வெட்டி 1713இல் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரிதாக இருந்ததால் கடதாசி கட்டுப்படியாகவில்லை, பிறகு அங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். போஸ்டர் அடித்திருக்கலாம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இதுவரை 61 உருவம் முடிந்திருக்கிறது. ழு என்னை மூன்று வாரமாக அலைக்கழிக்கிறது. எழுத்துருவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

போன மாதம் முடிந்தவற்றை ஏ3 தாள்களில் அச்சடித்து நானாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. ல் இருந்த தாளை மட்டும் எடுத்து, பேரனிடம் ஊசி கேட்டார். எழுத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் துளையாகக் குத்திக்கொண்டே போனார். அது பழைய முறை. தாளைப் பலகையில் வைத்துத் துணியில் முடிந்த சோக்குத்தூளால் ஒற்றினால், துளை வழியே எழுத்து பலகையில் இறங்கிவிடும். விறாந்தையில் சாய்த்து வைத்திருந்த பழைய தகரத்தில் ஒற்றினார். தாளை எடுத்ததும் என்னுடைய ல் வெள்ளைப் புள்ளிகளால் நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது.

நானா கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து, தலையில் இருந்த குத்தை மட்டும் பெருவிரலால் அழித்துவிட்டு, இரண்டு விரற்கடை மேலே சோக்கால் ஒரு வளையம் போட்டார்.